கடைசி மெருகு: மூலக்குளத்திலிருந்து ஒரு செராமிக் பயணம்

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி ஏறினால், இந்திரா காந்தி சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு, ரெட்டியார்பாளையம் நெரிசலில் ஊர்ந்து மூலக்குளம் வந்து சேரும். தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அதற்கு மேற்கே அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம். பாலம் இறங்கிச் சற்றுப் போனால் வில்லியனூர். நகரமும் கொம்யூன் கிராமங்களும் ஒன்றோடொன்று கலக்கும் இடம் இது. டைல்ஸ் கடை, ஹார்டுவேர் கடை, மருந்துக்கடை, டிபன் கடை என்று நீளும் இந்தச் சாலையில் வெள்ளைப் பல் படம் வரைந்த பலகைகளும் கண்ணில் படும்.

பல் மருத்துவம் இந்த வட்டாரத்துக்குப் பழகிய தொழில். வடக்கே கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்பு பல் மருத்துவ நிறுவனம். மேற்கே வில்லியனூர் தாண்டி அரியூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல் மருத்துவக் கல்லூரி. தெற்கே பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவ அறிவியல் நிறுவனம். மூலக்குளத்தில் நிற்கும் பயணிக்கு மூன்றும் மூன்று திசையில், ஒரு பகலில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

இந்தப் பயணத்தின் பொருள் மிகச் சிறியது. கடைவாய்ப்பல்லின் மேல் உட்காரும் செராமிக் கேப், அதிலும் அதன் மேற்பரப்பு மட்டும்.

ரூட் கெனால் செய்த பல் பிளந்துவிடாமல் இருக்க, அதைச் சுற்றிலும் செதுக்கி, அளவெடுத்து, லேபில் செய்துவந்த கேப்பைப் பொருத்துவார்கள். பொருத்தும்போது மருத்துவர் மெல்லிய நிறத்தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து, "கடிச்சுப் பாருங்க... இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேயுங்க... உயரமா இடிக்குதா?" என்று கேட்பார். இடிக்கும் இடத்தில் சாயம் பதியும். அந்தப் புள்ளியை வைரத்துகள் பதித்த பர் என்ற சுழலும் முனையால் தேய்ப்பார். மறுபடி கடி, மறுபடி தேய். "இப்ப சரியா இருக்கு டாக்டர்" என்று சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடத் தோன்றும். வேலை அங்கே முடிவதில்லை. பர் தொட்ட இடத்தில் லேப் கொடுத்தனுப்பிய வழவழப்பு போய்விட்டது. வைரத்துகள் கீறிய கோடுகள் அங்கே நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடுகள்தான் இனி வருஷக்கணக்கில் எதிர்ப்பல்லோடு உரசப்போகின்றன. கேப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த குடும்பத்துக்கு, எதிரே இருக்கும் சொந்தப் பல் தேய்வது கேப் உடைவதைவிடப் பெரிய நஷ்டம்.

மண்ணைச் சுட்டு வழவழப்பாக்கும் கலைக்கு இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுத் தடயம் உண்டு. அதைப் பார்க்க மூலக்குளத்திலிருந்து கிழக்கே திரும்பி, நூறடிச் சாலையில் மரப்பாலம் வந்து, கடலூர் சாலையைப் பிடித்து, முருங்கப்பாக்கம் கடந்து அரியாங்குப்பம் போக வேண்டும். பக்கத்திலே காக்காயந்தோப்பு. ஆற்றங்கரையில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது அரிக்கமேடு.

1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தபோது, அவருக்குக் காலக்கணக்கைத் தந்தவை பளபளப்பான சிவப்பு ஓட்டுத் துண்டுகள். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தின் பெயரால் அரெட்டைன் என்று அழைக்கப்படும் பாண்டங்கள் அவை. இத்தாலியில் எப்போது செய்யப்பட்டவை என்று தெரிந்த ஓடுகள் தமிழ்க் கடற்கரையில் கிடைத்ததால், அதே மண்ணடுக்கில் கிடந்த உள்நாட்டுப் பாண்டங்களுக்கும் காலம் சொல்ல முடிந்தது. கூடவே கிடைத்தது ரூலெட் பாண்டம் எனப்படும் அகன்ற தட்டு. சாம்பல், கருப்பு, பழுப்பு நிறங்களில் மெல்லிய உடல். உட்புறத்தில் வட்டவட்டமாகப் பொறித்த புள்ளிக்கோடுகள். தொட்டால் வழுக்கும் மேற்பரப்பு.

இந்த வழவழப்பு எப்படி வந்தது? களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால் பருத்த துகள்கள் அடியில் தங்கும். மிக நுண்ணியவை மேலே மிதக்கும். அந்த நுண்சாந்தைப் பாண்டத்தின் மேல் பூசிச் சுட்டால், துகள்கள் ஒன்றோடொன்று இறுகி இடைவெளி இல்லாத மெல்லிய படலமாகிவிடும். உள்ளே இருக்கும் களிமண் எப்படி இருந்தாலும் மேலே ஒரு வழவழப்பான போர்வை. கண்ணாடிப் பூச்சு என்கிற கிளேஸ் இதே வழியில் இன்னொரு படி. அதில் பூச்சு உருகிக் கண்ணாடியாகவே மாறிவிடும். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி அந்தக் கிளேஸ் வேலைக்குப் பேர் போனது. நகரத்துக் கடைகளில் அடுக்கியிருக்கும் கோப்பைகளையும் தட்டுகளையும் கையில் எடுத்துப் பார்த்தால், விரல் தொடுவது களிமண்ணை அல்ல, அதன்மேல் உருகிப் படிந்த கண்ணாடியை.

அரிக்கமேட்டிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால், தவளக்குப்பம் தாண்டி, பிள்ளையார்குப்பம் வருகிறது. இங்கே தமிழ்நாட்டு எல்லையும் புதுச்சேரி எல்லையும் பின்னிக் கிடக்கின்றன. சிறிது தூரம் போவதற்குள் ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொன்றுக்குள் போய்விடலாம். நெடுஞ்சாலையோரம் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பல் மருத்துவ மாணவர்களுக்கு முதலில் கைப்பழக்கம் வருவது மெழுகில் பல் செதுக்குவதில். செராமிக் பாடம் பிறகு வருகிறது.

செராமிக் பல்லின் கதை பிரான்சில் தொடங்கியது. பாரிஸ் அருகே வாழ்ந்த அலெக்சிஸ் துஷாத்தோ ஒரு மருந்துக்கடைக்காரர். மருந்துகளைக் கலந்து சுவைபார்க்கிற தொழிலில் அவருடைய தந்தப் பல்செட் கறைபடிந்து நாற்றமெடுத்தது. 1774 வாக்கில் போர்சலீனில் ஒரு செட் செய்து பார்த்தார். சூளையில் வைத்ததும் அது சுருங்கியது. அளவு பொருந்தவே இல்லை. பல் மருத்துவர் நிக்கோலா துபுவா து ஷெமாந்தின் உதவியோடுதான் ஓரளவு வெற்றி கிடைத்தது. போர்சலீன் கறை பிடிக்காது, நாறாது. அந்த நன்மைக்குக் காரணம் அதன் மேற்பரப்பு. 1808-ல் இத்தாலியரான ஜுசெப்பாஞ்செலோ ஃபோன்சி தனித்தனிப் பீங்கான் பற்களைச் செய்தார். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சார்லஸ் லேண்ட், பல்லின் மேல் போடும் பீங்கான் உறைக்கு 1889-ல் காப்புரிமை பெற்றார். 1962-ல் உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. கிளினிக்குகளில் "மெட்டல் செராமிக்" என்று சொல்லப்படுவது அதன் வழி வந்தது. லியோனைச் சேர்ந்த பிரான்சுவா துரே, பல்லின் வடிவத்தை ஒளியால் படமெடுத்து இயந்திரத்தால் கேப் செதுக்கலாம் என்று 1973-ல் ஆய்வேடு எழுதினார். ஸூரிக்கில் வெர்னர் மோர்மானும் மார்க்கோ பிராண்டெஸ்டினியும் 1985-ல் அப்படி ஒரு கருவியை நோயாளி நாற்காலிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார்கள்.

இன்று கடைவாய்ப்பல்லுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது சிர்கோனியா. லேபுக்கு வரும்போது அது வெள்ளை வட்டாகச் சுண்ணக்கட்டி மாதிரி மென்மையாக இருக்கும். கணினி சொன்ன வடிவத்தில் இயந்திரம் அதைச் செதுக்கும், தேவையான அளவைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக. பிறகு உலையில் 1,450 முதல் 1,550 டிகிரி செல்சியஸ் வரை பல மணி நேரம் சுடும்போது, துகள்கள் இறுகி, கேப் சரியான அளவுக்குச் சுருங்கும். துஷாத்தோவைத் தோற்கடித்த அதே சுருக்கத்தை இப்போது முன்கூட்டியே கணக்கிட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். சுட்டு முடிந்ததும் சிர்கோனியாவின் வலிமை வழக்கமான வகையில் 900 மெகாபாஸ்கலுக்கு மேல் போகும். லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக் 400 அளவில் நிற்கும்.

கடினத்தன்மையைப் பார்த்தால் பயம் வரும். விக்கர்ஸ் அளவில் பல் எனாமல் 300-லிருந்து 350. சிர்கோனியா 1,200-க்குப் பக்கம். ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமான பொருள் எதிர்ப்பல்லை அரைத்துத் தள்ளிவிடாதா என்ற கேள்வி, சிர்கோனியா வந்த காலத்தில் பல் மருத்துவர்களையே உறுத்தியது. ஆய்வுக்கூடங்களில் மெல்லும் அசைவைப் போலச் செய்யும் இயந்திரங்களில் எனாமலையும் செராமிக்கையும் உரசவிட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகச் சொன்னது: நன்றாக மெருகேற்றிய சிர்கோனியா எதிரே இருக்கும் எனாமலிடம் மென்மையாக நடந்துகொள்கிறது, கிளேஸ் பூசிய சிர்கோனியா அதைவிட அதிகம் தேய்க்கிறது. தேய்மானத்தைத் தீர்மானித்தது பொருளின் கடினத்தைவிட அதன் மேற்பரப்பு.

அந்த மேற்பரப்பை அளக்க ஒரு கருவி உண்டு. மிகக் கூரான வைரமுனை ஒன்று பரப்பின் மேல் மெதுவாக ஊர்ந்து, மேடு பள்ளங்களைக் கோடாக வரையும். நடுக்கோட்டிலிருந்து அந்த மேடு பள்ளங்கள் சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்பதே ஆர்ஏ எண். அலகு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1997-ல் பெல்ஜியத்தின் லூவென் நகர ஆய்வாளர்கள் முன்வைத்த வரம்பு 0.2 மைக்ரான். பரப்பு அதைவிடச் சொரசொரப்பானால் பற்படலக் கிருமிகள் கூடுதலாக ஒட்டும். அதைவிட வழவழப்பாக்கினாலும் கிருமி மேற்கொண்டு குறைவதில்லை. பல் சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியே அரை மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரான் வரைதான் இருக்கும். அதன் உடம்பை விடப் பெரிய பள்ளம் அதற்குப் பிரஷ் எட்டாத மறைவிடம்.

மூன்றாவது எண் நாக்குடையது. 2004-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், சாதாரண மனிதர்கள் நாக்கால் தடவி 0.25 முதல் 0.5 மைக்ரான் வரையிலான சொரசொரப்பு வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். வைரமுனைக் கருவி இல்லாத மூலக்குளத்துக் கிளினிக்கிலும் நம்பத்தக்க ஒரு அளவுகோல் எல்லோர் வாயிலும் இருக்கிறது.

பிள்ளையார்குப்பத்திலிருந்து மேற்கே உள்வாங்கினால் பாகூர். சாலையின் இருபுறமும் வயல். ஊரை ஒட்டி விரிந்த பெரிய ஏரி. புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். சோழர் காலத்து மூலநாதர் கோயிலின் கல் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் நடந்தால், வெற்றிலை போடும் முதியவர்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. தமிழ்க் கிராமங்களில் பல் தேய்மானம் பழைய கதை. கொட்டைப்பாக்கை நாள் முழுக்க மெல்வது, கரியிலும் சாம்பலிலும் செங்கல் பொடியிலும் பல் துலக்குவது, சொரசொரப்பான பல்பொடியை விரலால் அழுத்தித் தேய்ப்பது என்று எனாமலைத் தேய்க்கிற பழக்கங்கள் தலைமுறைகளாக உண்டு. ஒழுங்கான வாயிலேயே, லூவென் ஆய்வாளர்கள் 1989-ல் அளந்தபடி, கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் எனாமல் வருஷத்துக்குச் சுமார் 29 மைக்ரான் தேய்கிறது. எனாமலின் தடிமன் மிக அதிகமான முனையிலும் இரண்டரை மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே பாக்கும் பொடியும் பாதியைத் தின்றுவிட்ட வாயில், எதிர்ப்பல்லின் மேல் மெருகில்லாத ஒரு செராமிக் பரப்பை வைப்பது, மீதியையும் பறிக்க ஆள் வைப்பதுதான்.

செராமிக்கும் அந்தப் பொடிகளுக்கு முழுக்கத் தப்புவதில்லை. பீங்கான் கேப்பின் மேல் இருக்கும் கிளேஸ் மெல்லிய படலம். கரகரப்பான பொடி அதைச் சீக்கிரம் கீறிவிடும். பல் சொத்தையைத் தடுக்கக் கிளினிக்கில் பூசும் சிலவகை அமில ஃபுளோரைடு ஜெல்களும் பீங்கானின் கண்ணாடிப் பகுதியை அரித்துச் சொரசொரப்பாக்கும். வாயில் பீங்கான் கேப் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னால், அமிலமில்லாத ஃபுளோரைடைத் தேர்ந்தெடுப்பார்.

பாகூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம், மங்கலம் வழியாக வடக்கே போகிற சாலை வில்லியனூரில் சேர்கிறது. வழியெங்கும் கரும்பும் நெல்லும். வில்லியனூர் என்றதும் பலருக்கு நினைவு வருவது திருக்காமீசுவரர் கோயில் தேர். பிரெஞ்சு கவர்னர்கள் காலத்திலிருந்து ஆளுநர் வந்து வடம்பிடிக்கிற வழக்கம் அங்கே இன்றும் நடக்கிறது. 1877-ல் எழுந்த லூர்து மாதா ஆலயமும் அதே ஊரில். சுடுமண் வேலைக்காரர்களுக்கு வில்லியனூர் இன்னொரு காரணத்தால் முக்கியம். வில்லியனூர் சுடுமண் கைவினை, புவிசார் குறியீடு பெற்றது. இந்த மரபில் வந்த வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. விரல் நுனியில் நிற்கும் அளவுக்குச் சின்னச் சுடுமண் உருவங்களும், ஆள் உயரக் குதிரைகளும் இந்தக் கைவினையில் உண்டு.

மண் வேலையில் வழவழப்புக்கு இரண்டாவது வழி ஒன்று உண்டு. அரிக்கமேட்டுத் தட்டில் பார்த்தது பூச்சு. இது தேய்ப்பு. வனைந்த பாண்டம் பாதி காய்ந்து இறுகும் பதத்தில், வழுவழுப்பான கூழாங்கல்லை எடுத்து ஒரே சீராக அழுத்தித் தேய்ப்பது. தட்டையான களிமண் துகள்கள் படுத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று படியும். மேடு அமுங்கும், பள்ளம் நிரம்பும். கிளேஸ் இல்லாமலே பாண்டம் மினுங்கும். தமிழகத்தின் பெருங்கற்காலக் கருப்பு-சிவப்புப் பாண்டங்களின் மினுமினுப்பு இப்படித் தேய்த்து வந்ததுதான். இதில் போர்வை இல்லாததால் உரிந்துபோக எதுவுமில்லை. பாண்டத்தின் உடம்பே வழவழப்பாகிவிடுகிறது.

செராமிக் கேப்பிலும் இதே இரண்டு வழிகள். லேபில் கிளேஸ் பூசிச் சுட்டால் கேப் கண்ணாடியாக மின்னும், கண்ணுக்கு அழகு. ஆனால் எதிர்ப்பல் மோதும் இடத்தில் அந்தப் படலம் சில மாதங்களிலேயே தேய்ந்து, கீழே மெருகேற்றாமல் விட்ட சொரசொரப்பான உடல் வெளியே வரும். உதிர்ந்த கண்ணாடித் துணுக்குகளும் இடையில் மாட்டி அரைக்கும். கிளேஸுக்கு முன்பே உடலை மெருகேற்றியிருந்தால், பூச்சு போன பிறகும் கீழே இருப்பது வழவழப்பு. சிர்கோனியாவின் படிகங்கள் மிக நுண்ணியவை, பெரும்பாலும் அரை மைக்ரானுக்கு உட்பட்டவை. அதனால் அது பிடித்த மெருகை நீண்ட காலம் விடாது. பழைய வகைப் பீங்கானில் கண்ணாடிக்கு நடுவே பருத்த படிகங்கள் கிடக்கும். கண்ணாடி தேய்ந்ததும் அவை துருத்தும். சிர்கோனியாவில் மெருகு நிலைப்பதும் கிளேஸ் தேய்வதும்தான் அலபாமா ஆய்வின் முடிவுக்குக் காரணம்.

பளபளப்பும் வழவழப்பும் ஒன்றல்ல என்பதை லேபில் வேலை செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். ஒளியைத் திருப்பி அனுப்புகிற பரப்பு மோதும் இடத்தில் நிலைக்கும் என்று உத்தரவாதமில்லை. கேப்பின் உட்புறத்துக்கு நேர்மாறான விதி. சிமென்ட் பிடிக்க அங்கே சொரசொரப்பு வேண்டும். கண்ணாடிச் செராமிக்கின் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரிக்கிறார்கள். சிர்கோனியாவை அந்த அமிலம் தொடாது என்பதால் அலுமினா மணலைக் காற்றழுத்தத்தில் வீசி உட்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். ஒரே பொருளின் உள்ளும் புறமும் எதிரெதிர் குணம் கேட்கிற வேலை இது.

வில்லியனூரிலிருந்து ஆரியப்பாளையம் பாலத்தில் சங்கராபரணி ஆற்றைக் கடந்து, விழுப்புரம் சாலையில் அரியூர். பல் மருத்துவக் கல்லூரியின் வாசலில் பேருந்து நிற்கும். சுற்றுக் கிராமத்து நோயாளிகள் இறங்குகிறார்கள். குறைந்த செலவில் கேப் போட, கல்லூரி மருத்துவமனை அவர்களுக்கு நல்ல இடம். மாணவர் செய்வதை மூத்தவர் பார்ப்பார் என்பது கூடுதல் பலம்.

நாற்காலியில் நடக்க வேண்டிய கடைசி வேலை இதுதான். கேப் உயரமாக இடித்தால், முடிந்தவரை நுண்ணிய வைர பர்ரால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, மெல்லத் தொட்டுத் தேய்க்க வேண்டும். சாதாரண பர்ரில் பதித்த வைரத்துகள் சுமார் 100 மைக்ரான். நுண்ணியதில் 30 அளவு. பெரிய துகள் இட்ட கோட்டின் ஆழத்தை அழிக்கப் பிறகு அத்தனை நேரம் ஆகும். அழுத்தித் தேய்த்துச் சூடேறினால் சிர்கோனியாவின் படிக அமைப்பே மேற்பரப்பில் மாறிவிடலாம். தேய்த்த பிறகு வைரத்துகள் கலந்த ரப்பர் சக்கரங்கள் மூன்று வரிசையாக வர வேண்டும்: பருத்தது, நடுத்தரம், நுண்ணியது. ஒவ்வொன்றும் முந்தையது விட்ட கோடுகளை முழுக்க எடுத்த பிறகுதான் அடுத்தது. நடுவில் ஒன்றைத் தாண்டினால், மேலே மினுக்கிக் கீழே கோடுகள் அப்படியே கிடக்கும். கடைசியில் வைரப் பசையும் மென் பிரஷும். மொத்தம் சில நிமிட வேலை. வேலை குவிந்த மாலை நேரக் கிளினிக்கில் முதலில் வெட்டுப்படுவதும் இந்தச் சில நிமிடங்கள்தான்.

ஆகவே கேப் போடப் போகிறவர் தயங்காமல் கேட்கலாம்: "தேய்ச்ச இடத்தை பாலிஷ் பண்ணுவீங்களா டாக்டர்?" இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை, நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு சக்கரங்களை எடுத்துக் காட்டுவார். எழுந்திருக்கும் முன் வாய் கொப்பளித்துவிட்டு, கேப்பின் மேல்பரப்பை நாக்கால் ஒருமுறை நிதானமாகத் தடவிப் பார்க்க வேண்டும். பக்கத்துச் சொந்தப் பல்லைவிடக் கரகரப்பாக ஒரு புள்ளி தட்டுப்பட்டால், அங்கேயே சொல்ல வேண்டும். மரப்பு ஊசியின் வேகம் தெளியாமல் நாக்கு சரியாக உணராவிட்டால், மறுநாள் போய்ச் சொன்னாலும் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போது, கேப்பை மட்டுமல்லாமல் அதற்கு எதிரே இருக்கும் பல்லையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தப் பல்லில் தட்டையான பளபளத்த தேய்மானம் தெரிந்தால், கேப்பை மறுபடி மெருகேற்ற வாய்க்குள்ளேயே முடியும்; கழற்றத் தேவையில்லை.